பொய் மிதி மிதிக்கும் தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பிகளுக்கும், நம்மோடு வரும் இரண்டு தங்கைகளுக்கும்,

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நான் சவாரிக்கு வரவில்லை. ஏன் என்று போன் போட்டவர்களில் ஒருவரிடம் முட்டி வலி என்றேன். இன்னொருவரிடம் பட்டறையில் வேலை ஜாஸ்தி என்றேன். இரண்டும் பொய். உண்மைக் காரணத்தை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் ஒரே மூச்சில் கொட்டிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உறையில் போட்டு ஒட்டாமல் திறந்த மடலாக எழுதுவதற்கும் காரணம் உண்டு. நம்மைப் போல ஓட்டுகிறவர்கள் கோயம்புத்தூரில் மட்டுமா இருக்கிறார்கள்?

வெளியாருக்காக ஒரு வார்த்தை. எங்கள் வண்டியைப் பார்த்தால் சைக்கிள். கியர் சைக்கிள், கொஞ்சம் தடித்த டயர், நடுச்சட்டத்தில் முக்கோணமாக ஒரு கறுப்புப் பை. பஞ்சர் ஒட்டுகிற சாமான் வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொள்வீர்கள். உள்ளே இருப்பது 48 வோல்ட், 20 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி. பின்சக்கரத்தின் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு மோட்டார்; கேரியரில் இரண்டு பக்கமும் பை தொங்கவிட்டிருப்பதால் அது கண்ணில் படாது. 1500 வாட். எங்கள் ஊரில் வாட் கணக்கைவிட எச்.பி. கணக்குத்தான் எல்லோருக்கும் புரியும். ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஆக, தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற இரண்டு எச்.பி. மோட்டாரின் பலத்தைக் கொண்டுவந்து ஒரு சைக்கிளில் மாட்டியிருக்கிறோம். சைக்கிளுக்குச் சட்டம் விட்டுக்கொடுத்திருப்பது 250 வாட், அதாவது இதில் ஆறில் ஒரு பங்கு. வீட்டுச் சமையலறை மிக்ஸியே 750 வாட் இருக்கிறது.

இந்த மறைக்கும் வித்தையில் உங்களுக்கெல்லாம் வாத்தியார் நான்தான் என்பதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். பீளமேட்டில் இருபத்தெட்டு வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். சைக்கிளில் ஒன்றை மாட்டுவது எனக்குப் பெரிய காரியமில்லை. மாட்டியது தெரியாமல் இருக்க வேண்டும் என்பதில்தான் ஆசையே இருந்தது. வயரை பிரேக் கேபிளோடு சேர்த்துக் கறுப்பு நாடா சுற்றச் சொன்னேன். கட்டைவிரல் திராட்டிலை கியர் மாற்றுகிற பித்தான் மாதிரி தெரியும்படி கைப்பிடிக்கு அடியில் தள்ளி வைக்கச் சொன்னேன். ஸ்டிக்கர் கடையில் ‘250 வாட்’ என்று அடித்து ஒட்டச் சொன்னேன். அந்தக் கடைக்காரர் இருபது ஸ்டிக்கருக்குக் காசு வாங்கிக்கொண்டு, “எதுக்குங்கண்ணா இது?” என்று கேட்டபோது சிரித்து மழுப்பினேன்.

எல்லாவற்றுக்கும் மேலே பொய் மிதி. பேர் வைத்ததும் நான்தான். வண்டி நாற்பத்தைந்தில் போய்க்கொண்டிருக்கும். கால் மட்டும் கோயில் யானை நடக்கிற நிதானத்தில் பெடலைச் சுற்றிக்கொண்டிருக்கும். செயினில் பாரமே இருக்காது. பார்க்கிறவனுக்கு மட்டும் நாம் மிதித்துப் போவது மாதிரி இருக்கும்.

ஒரு தடவை வடவள்ளிப் பக்கம் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். ஏற இறங்கப் பார்த்தார். “என்னங்க சார், இந்த வயசுல காத்தாப் பறக்கறீங்க?” என்றார். “இறக்கமுங்க சார்” என்றேன். அவர் திரும்பி ரோட்டைப் பார்த்தார். கேரம் பலகை மாதிரி மட்டமாகக் கிடந்தது ரோடு. இருந்தாலும் சிரித்துக்கொண்டே போகச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பேக்கரியில் டீ குடித்தபோது இந்தக் கதையை நான் சொன்ன விதமும் நீங்கள் சிரித்த சிரிப்பும் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

நம் ஆசையைக் கொச்சைப்படுத்த இதை எழுதவில்லை. காலை ஐந்தரை மணிக்குப் பேரூர் தாண்டி சிறுவாணி ரோட்டில் போகும்போது கிடைக்கிற சுகத்தை பெட்ரோல் வண்டியில் போகிறவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பாக்குத் தோப்புக்குள் மயில் அகவுவது கேட்கும். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது கேட்கும். டயர் தாரில் உரசுகிற சின்ன முணுமுணுப்பு தவிர நம்மிடமிருந்து ஒரு சத்தம் கிடையாது. யாரையும் எழுப்பாமல், புகை விடாமல், ஆரன் அடிக்காமல் முப்பது கிலோமீட்டர் போய்த் திரும்பலாம். ஐம்பது வயதுக்கு மேல் முட்டி தேய்ந்தவனுக்கு இருபது வயதைத் திருப்பிக் கொடுக்கிற சாமான் அது. இப்படி அடக்கமாக ஓட்டுவதில் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அடக்கமாக ஓட்டுவதும் வேஷம் கட்டி ஓட்டுவதும் ஒன்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் கோளாறு.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தனியாகத்தான் போனேன். பேரூருக்கு அந்தப் பக்கம், ஒரு டீக்கடை தாண்டி. ஆறு மணி பத்து நிமிஷம் இருக்கும், நல்ல வெளிச்சம் வந்துவிட்டது. ரோட்டோரம் ஒரு பாட்டியம்மா, தலையில் கீரைக்கூடை. வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். என்னையும் பார்த்தார், அவர் பார்ப்பதை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு நிதானமாக ரோட்டில் இறங்கினார்.

மீட்டரில் 44.

இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது. பேட்டரியும் மோட்டாருமாகப் பதினைந்து கிலோ கூடுதல் பாரம். முன்னால் இருப்பதோ ரிம்மைக் கவ்வுகிற சாதா சைக்கிள் பிரேக். ஹேண்டில்பாரை ஒடித்து வளைத்ததால் நேரே மோதவில்லை. கைப்பிடி முனை கூடையைத் தட்டியது. கூடை போன பக்கமே அவரும் போய், இடது கையை ஊன்றி விழுந்தார். அரைக்கீரைக் கட்டுகள் ரோடெல்லாம் சிதறின. மணிக்கட்டு எலும்பு முறிந்தது அப்போதே தெரிந்துவிட்டது, கை தொங்கிய விதத்தில்.

இதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். என்னை அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, “உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?” என்று கேட்டார்கள். ஒருவர் பாட்டியம்மாவைப் பார்த்து, “ஏனாத்தா, சைக்கிள் வரது தெரியலீங்களா? பாத்து வரக்கூடாதா?” என்றார். சைக்கிள்காரன் மேல் யாருக்குக் கோபம் வரும்? ஏழை பாழை ஓட்டுவது, வயசானவன் ஓட்டுவது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஓட்டுவது என்று சைக்கிளுக்கு ஊரில் ஒரு நல்ல பேர் இருக்கிறது. அந்த நல்ல பேருக்குள் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். மருத்துவமனைச் சீட்டில் எப்படி அடிபட்டது என்ற இடத்தில் ‘சைக்கிள் மோதி’ என்று எழுதினார்கள். அப்போதும் வாய் திறக்கவில்லை.

மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது பாட்டியம்மா என்னிடம் சொன்னார்: “சைக்கிளுதானே, அது வரதுக்குள்ள போயிரலாம்னு நெனச்சேன் கண்ணு. எனக்குத்தான் கண்ணு மங்கிப் போச்சாட்ட இருக்குது.”

மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். அவர் ரோட்டில் இறங்கியபோது நான் டீக்கடைப் பலகைக்கு நேராக இருந்தேன். அங்கிருந்து விழுந்த இடம் 25 மீட்டர். சாதாரணமாக மிதித்து வருகிற சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் வரும். 25 மீட்டருக்கு ஆறு விநாடி. என் பக்கத்து ரோட்டை அவர் கடக்க நாலு விநாடி போதும். அவர் போட்ட கணக்கு சரி. அறுபது வருஷமாக சைக்கிளைப் பார்த்துப் பார்த்து அவர் உடம்பே போடுகிற கணக்கு அது. நான் அந்த 25 மீட்டரை இரண்டு விநாடியில் தின்றுவிட்டேன்.

இன்னொரு கணக்கும் போட்டேன். ஆள் குறுக்கே வருவதைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வையுங்கள். 25 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு விநாடியில் 7 மீட்டர் போகும், பிரேக் பிடித்து நிற்க 6 மீட்டர், ஆக 13. அவருக்குப் பாதி தூரத்திலேயே நின்றிருப்பேன். 44இல் யோசிக்கிற நேரத்துக்கே 12 மீட்டர் போய்விடும், நிற்க இன்னொரு 18, 19. முப்பதைத் தாண்டுகிறது. என்னிடம் இருந்ததோ 25. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நாலு மடங்காகும் என்பது நமக்குத் தெரியாததா? பள்ளிக்கூடப் பாடம். மோட்டார் வாங்கும்போது மட்டும் மறந்துபோகிறது.

நாம் போலீசுக்கு மறைப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். போலீஸ்காரர் மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார். ரோட்டில் போகிறவர்கள்தான் நம்மை நிமிஷத்துக்கு நிமிஷம் பார்க்கிறார்கள். நிற்பதா போவதா என்று நம்மைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். லாரி டிரைவர் கண்ணாடியில் சைக்கிளைப் பார்த்தால் இடது பக்கம் திரும்ப நேரம் இருக்கிறது என்று நினைப்பார். பைக்கில் வருகிறவன் சைக்கிளை முந்துவதற்கு ஒரு இடைவெளி வைத்திருக்கிறான். குழந்தை பந்தை எடுக்க ஓடி வருவதற்கு முன் அதன் அம்மா ரோட்டைப் பார்க்கிறாள். எல்லோருக்கும் நாம் பொய்த் தகவல் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மோட்டார் சைக்கிளுக்குச் சத்தம் இருக்கிறது, பாட்டியம்மா திரும்பிப் பார்க்காமலே ஒதுங்குவார். நமக்குச் சத்தமும் கிடையாது, உருவமும் பொய்.

தடாகம் பக்கம் விடியாமல் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனைகட்டி ரோட்டிலும் மருதமலை அடிவாரத்திலும் யானை இறங்குவது நமக்குப் புதிதில்லை. சத்தமில்லாமல் நாற்பத்தைந்தில் வளைவு திரும்பி அதன் முன்னால் போய் நின்றால், பொய் மிதியைப் பார்த்து அது ஏமாறப்போவதில்லை.

சட்டப் பேச்சுக்கு வருகிறேன். நம் கூட்டத்தில் ஒருவர் விடாமல் சொல்கிற வாக்கியம், “சைக்கிளுக்கு எதுக்குங்க லைசென்ஸ்?” மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் 2(யு) என்று ஒரு விதி இருக்கிறது. பேட்டரி வண்டி ஒன்று மோட்டார் வாகனம் ஆகாது என்று அது சொல்வது சில நிபந்தனைகளோடு. மோட்டாரின் முப்பது நிமிஷத் திறன் 250 வாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். உச்ச வேகம் 25 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். பெடல் உதவி சைக்கிள் என்றால், வேகம் ஏற ஏற மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாக விலகி 25இல் முழுதாக நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினாலும் நின்றுவிட வேண்டும். இதையெல்லாம் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையம் ஒன்று சரிபார்த்திருக்கவும் வேண்டும். முப்பது நிமிஷத் திறன் என்பது அரைமணி நேரம் விடாமல் கொடுக்கக்கூடிய திறன். ஏற்றத்தில் கொஞ்ச நேரம் திமிறி இழுப்பதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுக்கொடுக்கிற நியாயமான அளவு அது. நம் 1500 வாட் எந்த நியாயத்திலும் அதற்குள் அடங்காது.

எல்லையைத் தாண்டிய நொடியில் அது மோட்டார் வாகனம். பதிவு, ஓட்டுநர் உரிமம், மூன்றாம் நபர் காப்பீடு, ஹெல்மெட் எல்லாம் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய், காப்பீடு இல்லாவிட்டால் முதல் தடவை 2,000, பதிவு இல்லாவிட்டால் முதல் தடவை 5,000 வரை. நம்மில் பல பேருக்கு உரிமம் இருக்கிறது, சரி. பதிவும் காப்பீடும் வாங்க வழியே இல்லாத வண்டியை அல்லவா ஓட்டுகிறோம்?

அபராதத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. மாட்டினால் கட்டிவிடலாம். காப்பீடு இல்லை என்பதன் அர்த்தம்தான் எனக்கு அந்த ஆட்டோவில் போகும்போது உறைத்தது. அடிபட்டவர் தீர்ப்பாயத்துக்குப் போய் நஷ்ட ஈடு வாங்கினால், கொடுப்பதற்கு ஒரு கம்பெனி நம் பின்னால் நிற்காது. வீட்டை விற்றாவது நாம்தான் கொடுக்க வேண்டும். கொடுக்க வக்கில்லாதவன் இடித்திருந்தால், அடிபட்டவருக்கு ஒன்றுமே கிடைக்காது. கை முறிந்ததோடு போனது என் அதிர்ஷ்டம். அவருடைய அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஒருவர் தன் மகனைப் பதினொன்றாம் வகுப்பு டியூஷனுக்கு இதில் அனுப்புகிறார். யாரென்று உங்களுக்கே தெரியும். தம்பி, பதினெட்டு வயது ஆகாத பிள்ளை மோட்டார் வாகனத்தில் குற்றம் செய்தால் பெற்றோருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அதே சட்டத்தின் 199ஏ பிரிவில் இருக்கிறது. பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது. அதைவிட, நாற்பத்தைந்தில் நிற்காத பிரேக்கோடு அவனை அவினாசி ரோட்டில் விடுகிறீர்கள். இன்றைக்கே நிறுத்துங்கள்.

உடனே உங்களில் சிலர் சாப்பாடு கொண்டுபோகிற பையன்களைக் கையைக் காட்டுவீர்கள். லைசென்ஸ் வேண்டாம், ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாம் என்று சொல்லி விற்கிற ஸ்கூட்டரை வாங்கி, கன்ட்ரோலரில் வேகக் கட்டுப்பாட்டு வயரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்களே என்று. ஓட்டுகிறார்கள். 2022 மே மாதம் மகாராஷ்டிரப் போக்குவரத்துத் துறை இப்படி வேகம் கூட்டிய வண்டிகளைத் தேடித் தனிச் சோதனையே நடத்தியது. ஆனால் அந்தப் பையனுக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை பார்சல் என்பதில் சோறு இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

சட்டத்தின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு, அதை விழுங்கப்போவதில்லை. அமெரிக்காவில் மத்தியச் சட்டம் 2002இலிருந்து 750 வாட் வரை சைக்கிள் என்றே எடுத்துக்கொள்கிறது, மோட்டார் வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்து. ஐரோப்பாவில் சாதாரண மின் சைக்கிளுக்கு நம்மைப் போலவே 250 வாட்டும் 25 கி.மீ.யும்தான், ஆனால் 45 கி.மீ. போகிற பெடல் வண்டிக்கென்று தனி வகை வைத்து, நம்பர் பிளேட்டும் காப்பீடும் கொடுக்கிறார்கள். இங்கே நடுவில் ஒரு படியே கிடையாது. 25க்கு மேல் போனால் நேரே மோட்டார் வாகனம். கம்பெனிக்காரன் தன் மாடலைப் புனேயிலோ மானேசரிலோ நம் ஒரகடத்திலோ கொண்டுபோய்ச் சோதித்துச் சான்றிதழ் வாங்கி விற்பான். பட்டறையில் ஒன்றே ஒன்று செய்தவன் எங்கே போவது? பம்பு மோட்டாரைப் பட்டறை பட்டறையாகச் செய்து பேர் வாங்கிய ஊர் இது. கையால் செய்கிறவனுக்கு ஒரு வாசல் வேண்டும் என்று கேட்க எல்லா நியாயமும் நமக்கு இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டுமானால் முகத்தைக் காட்டி நிற்க வேண்டும். கறுப்பு நாடா சுற்றிக்கொண்டு எந்த அதிகாரி முன்னால் போய் நிற்பது?

இதெல்லாம் எங்கிருந்து ஆரம்பித்தது என்று பாருங்கள். 1993இல் ஜப்பானில் யமஹா ‘பாஸ்’ என்று ஒரு சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கால் எவ்வளவு அழுத்துகிறதோ அதற்கு ஏற்ற மாதிரி மோட்டாரும் கூடத் தள்ளும். கால் நின்றால் அதுவும் நிற்கும். ஜப்பானியச் சட்டத்தில் 24 கி.மீ. வேகத்தில் மோட்டாரின் உதவி முழுதாக நின்றுவிட வேண்டும். ஏற்றத்தில் ஒரு கை பின்னாலிருந்து தள்ளிவிடுகிற மாதிரி ஏற்பாடு. நாம் அதைத் தலைகீழாக்கிவிட்டோம். மோட்டார் ஓட்டுகிறது, கால் நடிக்கிறது.

“250 வாட்டில் மலை ஏறாது” என்பீர்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆளும் வண்டியும் 95 கிலோ. நூறு அடிக்கு எட்டு அடி உயர்கிற ஏற்றம். மோட்டாரில் வீணாவது போக 190 வாட், கால் 100 வாட் கொடுத்தால் மணிக்கு 12, 13 கிலோமீட்டர் ஏறும். பொய் மிதியை நிஜ மிதியாக மாற்றினால் ஏறிவிடுகிறது. வேர்க்கும். வேர்க்கட்டும்.

வேகம் வேண்டும் என்பவர்களுக்கு நான் தடை சொல்லவில்லை. பச்சை நம்பர் பிளேட் போட்ட மின்சார பைக்கும் ஸ்கூட்டரும் கடைக்குக் கடை நிற்கின்றன. அந்த வேகத்துக்கென்று செய்த பிரேக், அந்த பாரத்துக்கென்று செய்த ஃபோர்க், பின்னால் ஒரு காப்பீடு. வாங்கி ஓட்டுங்கள். யாருக்கும் பயந்து கால் ஆட்ட வேண்டியதில்லை.

பேட்டரி விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. மறைப்பதன் கெடுதல் அங்கே வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார பைக் தீப்பிடித்து, புகையில் மூச்சு முட்டி ஒரு தகப்பனும் மகளும் இறந்தார்கள். அது கடையில் வாங்கிய வண்டி. நம்மில் சிலர் வைத்திருப்பதோ பழைய லேப்டாப் செல்லைப் பிரித்து அடுக்கி, டேப் சுற்றிய பேக். பெண்டாட்டிக்கு விலை தெரியக்கூடாது என்று கட்டிலுக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுகிற தம்பியும் நம்மில் ஒருவர். ராத்திரி பதினோரு மணிக்கு மாட்டிவிட்டுத் தூங்கப் போகிறார். வீட்டில் இருப்பவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்றே தெரியாது. அவர் சார்ஜரைப் போன மாதம் வாங்கிப் பார்த்தேன்: அவர் பேக் பதிமூன்று செல் வரிசை, 54.6 வோல்ட்டில் நிற்க வேண்டும். சார்ஜர் மேல் எழுதியிருந்தது 58.8. பதினாலு செல் பேக்குக்கு உள்ளது. ஒரு சின்ன பாதுகாப்பு போர்டின் தயவில் அந்தக் குடும்பம் இத்தனை நாள் தூங்கியிருக்கிறது. சார்ஜரைத் திருப்பித் தரவில்லை, பட்டறையிலேயே இருக்கிறது. விழித்திருக்கும்போது, சிமெண்டுத் தரையில், வாசலுக்குக் குறுக்கே இல்லாமல் சார்ஜ் போடுங்கள். வீட்டில் சொல்லிவிடுங்கள். திட்டுதான் விழும்.

பாட்டியம்மாவிடம் நான் நாலாவது நாள் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன்; ஆறு வாரம் கீரை விற்க முடியாது என்பதால் அந்த வியாபாரத்துக்கான பணத்தையும் கொண்டுபோனேன். மகன் வீட்டில் இருந்தார். உட்காரச் சொன்னார்கள், காபி வைத்தார்கள். அரசாங்கக் கண் முகாம் எங்கே போடுவார்கள் என்று பாட்டியம்மா விசாரித்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் காபியைக் குடிக்க முடியவில்லை.

“ஆத்தா, உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்லீங்க. அது சைக்கிள் இல்லீங்க. மோட்டார் வெச்சிருக்கறனுங்க” என்றேன்.

மகன் எழுந்து நின்றுவிட்டார். அவர் பேசியதை இங்கே எழுதவில்லை. ஒவ்வொரு சொல்லும் எனக்குச் சேர வேண்டியதுதான். பாட்டியம்மா அவரைக் கையமர்த்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. புரியாத மாதிரி ஒரு பார்வை.

“அப்ப மோட்டருன்னு எழுதி வெச்சுக்கலாமல்ல கண்ணு?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து 1500 வாட் மோட்டாரைக் கழற்றினேன். பட்டறை மேஜையில் கிடக்கிறது. 250 வாட் ஒன்றைப் போட்டு, கால் நின்றால் நிற்கிற மாதிரி சென்சார் வைத்து, வேகத்தை 25இல் கட்டிவிட்டேன். கேரியர் பைகளை எடுத்தாயிற்று. சோதனை நிலையச் சான்றிதழ் இல்லாததால் இதுவும் சட்டப்படி முழுச் சுத்தம் இல்லை. ஆனால் சைக்கிள் மாதிரி தெரிகிற இது இப்போது சைக்கிள் மாதிரியே வருகிறது. பின் மட்கார்டில் வெள்ளைப் பெயின்டில் ‘மோட்டார்’ என்று எழுதியிருக்கிறேன். எழுத்து கொஞ்சம் கோணல்.

உங்களில் யார் மாற்றப்போகிறீர்கள், யார் மாட்டேன் என்பீர்கள் என்று ஓரளவு தெரியும். மாற்றாதவர்களும் ஒரு காரியம் செய்யுங்கள். ஆனைகட்டி ஏற்றத்தில் ஒருவருக்கு ‘டக்’ என்று சத்தம் வந்து வண்டி நின்றதே, அது மோட்டாரின் ஆக்ஸில் தன் காடியை அகட்டிக்கொண்டு சுழன்றது. இரண்டு எச்.பி. முறுக்கை அலுமினியச் சட்டத்தின் ஒரு சின்ன காடி எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஏற்றத்தில் ஆனதால் வயர் அறுந்ததோடு போயிற்று. இறக்கத்தில் சக்கரமே கழன்றிருக்கும். ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்துகிற தகடு எல்லோருக்குமாக லேத் பட்டறையில் வெட்டி வைத்திருக்கிறேன், ஆறு மில்லிமீட்டர் இரும்பில். பெரும்பாலும் 14 மி.மீ. ஆக்ஸில், இரண்டு பக்கமும் சீவி 10 மி.மீ. தட்டையாக இருக்கும், இருந்தாலும் காலிப்பரில் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள், கண்மதிப்பு வேண்டாம். காசு வேண்டாம். சின்ன மோட்டாருக்கு மாறுகிறவர்களுக்கும் இது வீண் போகாது.

வரும் ஞாயிறு ஐந்தரைக்கு வழக்கமான பேக்கரி முன்னால் நிற்பேன். இனி என் வேகம் 25தான். முன்னால் போகிறவர்கள் போகலாம், டீக்கடையில் காத்திருங்கள். திரும்பும்போது பேரூரில் இறங்கிக் கீரை வாங்குகிறோம். பாட்டியம்மாவின் மருமகள் இப்போது கடை பார்க்கிறார். கட்டு பதினைந்து ரூபாய். சில்லறையாகக் கொண்டுவாருங்கள், காலையில் அவரிடம் மாற்ற இருக்காது.

உங்கள்,
பீளமேட்டு அண்ணன்